எட்டு பாட்டில் வைனைக் கொதிக்கவிட்ட இரவு

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எங்கள் நட்பு வட்டத்தின் ஆண்டிறுதி விருந்துக்கு வைன் பஞ்ச், அதாவது மசாலா சேர்த்த சூடான வைன் பானம், செய்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வழக்கமாக அதைச் செய்கிற தோழி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். "நீதான் நல்லா சமைப்பியே, நீ பண்ணிடு" என்றார்கள். நானும் யோசிக்காமல் சரி என்றேன். வைனைச் சூடாக்க வேண்டும், பட்டை கிராம்பு போட வேண்டும், ஆரஞ்சை நறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எட்டு பாட்டில் வைன், ஒரு பாட்டில் பிராந்தியில் பெரும்பங்கு, ஒரு பெரிய பாத்திரம், காலை பத்து மணியிலிருந்து மறுநாள் அதிகாலை இரண்டு மணி வரை என் நேரம், எல்லாம் போயிற்று. அந்த மாதம் பண்டிகைக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பாதிக்கு மேல் சிங்க்கில் ஊற்றினேன். பணம்கூடப் பரவாயில்லை. ஒரு நல்ல மனிதரை என் வாய் வார்த்தையால் ஆபத்தின் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அதை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. முன்னாடியே யாராவது என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வருவதாகச் சொன்னவர்கள் 20 பேர். ஆளுக்கு இரண்டு கோப்பை, ஒரு கோப்பைக்கு 150 மில்லி என்றால் ஆறு லிட்டர் வேண்டும். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆக எட்டு பாட்டில் வாங்கினேன். இந்தக் கணக்கு மட்டும் தப்பில்லை. தப்பு அடுத்த படியில் நடந்தது. என் கையில் இருந்தது ஒரு பாட்டிலுக்கான செய்முறை. அதில் இருந்த ஒவ்வொன்றையும் எட்டால் பெருக்கினேன். பட்டை எட்டு, கிராம்பு 48, அன்னாசிப்பூ 16, ஆரஞ்சு எட்டு. வட்ட வட்டமாகத் தோலோடு நறுக்கிய ஆரஞ்சு, துண்டு போட்ட ஆப்பிள், திராட்சை, மசாலா, சர்க்கரை, எட்டு பாட்டில் வைன், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டினேன். என்னிடம் இருந்த பாத்திரங்களிலேயே பெரியது ஒரு அலுமினியப் பாத்திரம், அதில்.

விருந்து ஏழு மணிக்கு. நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். நாலே முக்காலுக்கு விரலை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். பதற்றத்தில் தீயை முழுசாகத் திறந்து, மூடியைப் போட்டுவிட்டு, வீட்டைக் கூட்டவும் நாற்காலி ஒதுக்கவும் குளிக்கவும் போனேன். குளித்துவிட்டு வந்தபோது மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. திறந்ததும் ஆவி முகத்தில் குப்பென்று அடித்தது. கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. வைன் தளதளவென்று கொதிக்கிறது. மேலே சாம்பலும் ஊதாவும் கலந்த நுரை. ஆப்பிள் கரைந்து கூழாகி, ஆரஞ்சு வட்டங்கள் சதை போய் வெறும் வளையங்களாக மிதந்தன. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். முதலில் கசப்பு, அடுத்து பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, அதன் பிறகு நாக்கு மரத்துப் போயிற்று. பல் வலிக்குக் கிராம்பு கடித்தால் மரத்துப் போகுமே, அதே மரப்பு. கிராம்பில் இருக்கும் யூஜெனால்தான் அதைச் செய்வது. 48 கிராம்பு ஒரு மணி நேரம் கொதித்தால் வேறு என்ன ஆகும்.

மணி ஆறு. கடைக்கு ஓடி வர நேரமில்லை, கேட்கவும் ஆள் இல்லை. அப்புறம் நான் செய்த ஒவ்வொன்றும் கெட்டதை மேலும் கெடுத்தது. கசப்பு போகட்டும் என்று அரைக் கிலோ சர்க்கரை போட்டேன். கசப்பு போகவில்லை, இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நின்றன. மணம் போய்விட்டதே என்று பட்டைப் பொடி நாலு ஸ்பூன் தூவினேன். அது கரையாமல் மேலே கட்டி கட்டியாக மிதந்து, கலக்கியதும் பஞ்சைக் குளத்துத் தண்ணீர் மாதிரி கலங்கலாக்கிவிட்டது. கடைசியாக வீரியம் குறைந்திருக்கும் என்று எண்ணி பிராந்தி பாட்டிலை எடுத்து, எரிகிற அடுப்பு மேலேயே சாய்த்து ஊற்றினேன். ஊற்றின கையோடு பாத்திரத்தின் விளிம்பில் நீலத் தீ ஏறியது. நான் பின்னால் துள்ளியதில் பாட்டில் கீழே விழவில்லை, அது என் அதிர்ஷ்டம். மூடியைத் தூக்கிப் போட்டேன், அணைந்தது. முழங்கையில் ரோமம் கருகிய வாடை அன்று இரவு முழுக்க இருந்தது. தயவு செய்து இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீத மதுவின் ஆவி, நெருப்பு பட்டால் சுமார் 26 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும், அதாவது அறையின் சூட்டிலேயே. சூடான பாத்திரத்தில் ஊற்றினால் சொல்லவே வேண்டாம். பிராந்தியோ ரம்மோ சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி வைத்து, தனியாக ஒரு டம்ளரில் அளந்து அதிலிருந்து ஊற்றுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஒருபோதும் ஊற்றாதீர்கள். மீறித் தீ பிடித்தால் மூடியைப் போட்டு மூடி அடுப்பை நிறுத்துங்கள், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

ஏழு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். அப்போது ஒரு அண்ணன் என்னிடம் வந்தார். என்னோடு வேலை செய்கிற அக்காவின் கணவர். குடியை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இதுல ஆல்கஹால் இருக்குமாம்மா?"

"இல்லண்ணே. ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிச்சிருக்கு. எல்லாம் ஆவியாப் போயிருக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமாண்ணே."

பிராந்தி ஊற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொதித்தால் போய்விடும் என்று எங்கோ கேட்டதை நம்பியிருந்தேன், பதற்றத்தில் பிராந்தியை மறந்தும் போயிருந்தேன். அவர் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு மூச்சு இழுத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "வாசனை அப்படிச் சொல்லலையேம்மா" என்றார். கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார். கை நடுங்கியதைப் பார்த்தேன். பிறகு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவர் பின்னாலேயே போனார்.

மற்றவர்கள் நாகரிகமாக நடந்துகொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டி எல்லாரும் போன பிறகு கோப்பைகளைப் பொறுக்கினேன். புத்தக அலமாரியில், பூந்தொட்டிக்குப் பின்னால், குளியலறை அலமாரியில்கூட ஒன்று. முழுசாக இருந்தவை 14. ஒவ்வொன்றிலும் மேலே பட்டைப் பொடி ஆடை மாதிரி படிந்து, விளிம்பைச் சுற்றி ஊதா வளையம் காய்ந்திருந்தது. மீதியைச் சிங்க்கில் ஊற்றியபோது பாத்திரத்தின் உள்பக்கம் கறுத்துச் சொறி சொறியாக இருந்தது தெரிந்தது. வைன் நல்ல புளிப்புள்ள பொருள், அலுமினியம் அதோடு ஒத்துப்போகாது. உலோக வாடை பஞ்சில் இறங்கும், பாத்திரமும் கெடும். எவர்சில்வரோ எனாமல் பூசியதோதான் சரி. ஈயம் பூசாத பித்தளை, செம்பு பக்கமே போகக் கூடாது. இதை அதிகாலை இரண்டு மணிக்குத் தேய்த்துத் தேய்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அண்ணனைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ வேணும்னு செய்யலம்மா. ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். பிறகு உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். மது 78 டிகிரியில் ஆவியாகும் என்பது உண்மைதான், ஆனால் அது தனி மதுவுக்கு. தண்ணீரோடு கலந்திருக்கும்போது இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். 12, 13 சதவீத வைன் கொதிக்கத் தொடங்குவதே 90 டிகிரியைத் தாண்டித்தான். கொதித்தாலும் மது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை ஒன்று இருக்கிறது. உணவில் கலந்து 15 நிமிடம் மெல்லக் கொதித்தால் ஊற்றின மதுவில் 40 சதவீதம் மிச்சம் இருக்கும், அரை மணிக்கு 35, ஒரு மணிக்கு 25, இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் மிச்சம் இருக்கும் என்கிறது அது. கொதிக்கிற பாத்திரத்தில் ஊற்றி உடனே இறக்கிவிட்டால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். என் பிராந்தி இந்தக் கணக்கில்தான் வரும். மூடி போட்டு மிதமாகச் சூடாக்குகிற பஞ்சில் ஏறக்குறைய எல்லாமே இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறையில் க்ளூவைன் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் குறைந்தது 7 சதவீத மது இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. சூடாகக் குடிப்பதற்கென்றே விற்கிற பானம் அது. ஆக யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இதில் மது இருக்கிறது." குடியை விட்டவர், கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுகிறவர், குழந்தை, வண்டி ஓட்டப் போகிறவர், யாருக்கும் "கொதிச்சிருக்கு, பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். இனிப்பும் சூடும் சேரும்போது வீரியம் நாக்குக்குத் தெரியாது. இரண்டு கோப்பை சட்டென்று உள்ளே போய்விடும்.

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை, ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பாட்டில் வாங்கி, அதையும் பாதி பாதியாகப் பிரித்துச் செய்து பார்த்தேன். ஒரு பாதியில் ஒன்றை மட்டும் மாற்றுவேன், மற்றது அப்படியே. நோட்டில் எழுதிக்கொண்டேன். நீங்களும் விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் அரை பாட்டிலில் ஒரு தடவை செய்துவிடுங்கள். எட்டு பாட்டிலைப் பணயம் வைப்பதைவிட அரை பாட்டில் எவ்வளவோ மேல்.

முதலில் பிடிபட்டது, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக் கூடாது என்பது. மசாலாவுக்குக் கொதி வேண்டும், வைனுக்குக் கொதி கூடாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஆரம்பித்தால் ஒன்று கெட்டே தீரும். அதனால் பாகு தனியாக. ஒரு பாட்டிலுக்கு 150 மில்லி தண்ணீர், 70 கிராம் சர்க்கரை, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பட்டை, நாலு கிராம்பு, தட்டிய ஏலக்காய் மூன்று, அன்னாசிப்பூ பாதி, இரண்டு வில்லை இஞ்சி, அரை ஆரஞ்சின் மேல்தோல். சின்னப் பாத்திரத்தில் இதை மட்டும் எட்டு, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால் பாகு லேசாகப் பிசுபிசுக்கும், சமையலறை முழுக்க மணக்கும். அந்தப் பாகை முந்தின நாளே செய்து வடிகட்டி வைத்துவிடலாம். விருந்தன்று வைனைச் சூடாக்கி, பாகையும் வடிகட்டி எடுத்த மசாலாவையும் அதில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. என் பதற்றத்தில் முக்கால்வாசி இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விட்டது.

மசாலா முழுசாகவே இருக்க வேண்டும், பொடி வேண்டவே வேண்டாம். பழைய காலத்தில் ஐரோப்பாவில் ஹிப்போக்ரஸ் என்று ஒரு மசாலா வைன் செய்தார்கள். 1390 வாக்கில் தொகுத்த ஆங்கிலச் சமையல் ஏட்டிலேயே அது இருக்கிறது. அவர்கள் போட்டது பொடிதான். ஆனால் அதை வடிகட்ட, பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பேரில், ஹிப்போக்ரட்டீஸின் சட்டைக்கை என்று கூம்பு வடிவத் துணிப்பை ஒன்றை வைத்திருந்தார்கள், பானத்துக்கு அந்தப் பெயரே அந்தப் பையால் வந்ததுதான். பொடி போட்டால் அவ்வளவு பாடு பட வேண்டும் என்றுதான் அர்த்தம். முழு மசாலாவை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டிப் போட்டால், போதும் என்று தோன்றுகிற நொடியில் நூலைப் பிடித்துத் தூக்கி எடுத்துவிடலாம். யார் வாயிலும் கிராம்பு மாட்டாது. அன்னாசிப்பூ வாங்கும்போது சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூ நஞ்சு, அலங்காரப் பொருட்களோடு கிடப்பதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

பெருக்கல் கணக்கில் நான் எங்கே தவறினேன் என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்தது. பெரிய பாத்திரம் சூடாக நேரம் பிடிக்கும், ஆறவும் நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க மசாலா உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டிலில் 20 நிமிடம் ஊறுகிற கிராம்பு, எட்டு பாட்டிலில் இரண்டு மணி நேரம் ஊறும். அதனால் எட்டு பாட்டிலுக்கு மசாலா எட்டு மடங்கு வேண்டாம், ஐந்து மடங்கு போதும். பட்டை ஐந்து, கிராம்பு 20, அன்னாசிப்பூ இரண்டு அல்லது மூன்று. மூட்டை வைனில் கிடக்க வேண்டியது அரை மணி நேரம்தான். மணம் குறைந்தால் மூட்டையைத் திரும்பப் போடலாம். கூடிவிட்டால் எடுக்க வழியே கிடையாது. சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் நேராகப் பெருக்கலாம், அதிலும் சர்க்கரையில் கால் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் படுத்திய கசப்பில் பாதி ஆரஞ்சிலிருந்து வந்தது. மணம் இருப்பது மேலே உள்ள ஆரஞ்சு நிறத் தோலில். அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தோலிலும் விதையிலும் இருக்கும் ஒரு பொருள், புளிப்பில் ஊற ஊற லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. அதனால்தான் போட்டவுடன் குடித்தால் நன்றாக இருந்தது, ஒரு மணி நேரம் கழித்துக் கசந்தது. இப்போது பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி மெழுகை எடுத்துவிட்டு, தோல் சீவியால் மேல்தோலை மட்டும் காகிதம் போலச் சீவுகிறேன். சீவலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிய வேண்டும், வெள்ளையாக இருந்தால் ஆழமாக இறங்கிவிட்டது. சாறு கடைசியில். அழகுக்கு வட்டமாக நறுக்கிப் போட ஆசையாக இருந்தால் கோப்பையில் ஊற்றும்போது ஒரு வட்டம் மேலே வையுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் தோலோடு கனமாக நறுக்கி, பரிமாறக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே போக வேண்டும். உலர்திராட்சை, உலர் அத்தி இதெல்லாம் முந்தின நாளே அந்தப் பாகில் ஊறட்டும். ஊறின அத்தியைக் கோப்பையின் அடியிலிருந்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவது எனக்கு வைனைவிடப் பிடிக்கும்.

வைனைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்தது வீண், படுமட்டமானதும் வேண்டாம்.  துவர்ப்பு குறைந்த, பழ ருசி தூக்கலான, ஓக் மர வாடை ஏறாத சிவப்பு வைன் எடுங்கள். மெர்லோ, கிரனாஷ் மாதிரி வகைகள் எனக்குச் சரியாக வந்தன. நான் முதலில் வாங்கியது நாக்கை இழுக்கும் துவர்ப்பு வகை. தனியாகச் சாப்பாட்டோடு குடிக்க அருமையாக இருந்திருக்கும், பஞ்சுக்கு ஆகாது.

சூடு 65லிருந்து 75 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கினால் ஆயுசுக்கும் உதவும். இல்லையென்றால் கண்ணால் பார்க்கலாம். மேலிருந்து மெல்லிய ஆவி எழுந்து, பரப்பு லேசாக நடுங்கினால் சரியான சூடு. ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக் குமிழி வரிசை கட்டினால் எல்லை, உடனே தீயைக் குறைக்க வேண்டும். எட்டு பாட்டிலை இரண்டு பாத்திரமாகப் பிரித்துச் சூடாக்கினால் வேகமாகவும் ஆகும், அருகிலேயே நின்று பார்க்கவும் முடியும். அடுப்பை விட்டு நகரவே கூடாது. குளிப்பதை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாக ருசியைக் கட்டுகிற விஷயம். பஞ்ச் என்ற சொல்லே 'பஞ்ச', அதாவது ஐந்து, என்பதிலிருந்து வந்ததாகப் பலரும் சொல்வார்கள். மது, இனிப்பு, புளிப்பு, தண்ணீர், மணப்பொருள் என்று ஐந்து. சொல் எங்கிருந்து வந்திருந்தாலும் இந்த ஐந்தை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. ருசி தட்டையாக இருந்தால் சர்க்கரையைத் தேடி ஓடாமல், ஐந்தில் எது குறைகிறது என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் எலுமிச்சைதான் குறைவாக இருக்கும். பாட்டிலுக்கு அரை எலுமிச்சை பிழிந்ததும் மங்கலாக இருந்த பழ ருசியெல்லாம் மேலே வரும். குத்தலாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர். பிராந்தி உண்மையில் தேவையே இல்லை. இப்போது நான் சேர்ப்பதில்லை.

போன குளிர்காலத்தில் நானே கேட்டு அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். இந்த முறை மது இல்லாத பஞ்ச் ஒன்றும் தனியாகச் செய்தேன், அதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஒரு லிட்டர் கருந்திராட்சைச் சாறு, கால் லிட்டர் மாதுளைச் சாறு, துவர்ப்புக்காக ஐந்து நிமிடம் ஊறவிட்ட கடுந்தேநீர் கால் லிட்டர், ஒரு முழு எலுமிச்சை, அதே மசாலா மூட்டை, சர்க்கரை கிடையாது. இதில் ஆவியாகிவிடும் என்று பயப்பட மது இல்லாததால் மூட்டையோடு சேர்த்தே மெல்லக் கொதிக்கவிடலாம். வாசனைக்கு வெனிலா எசென்ஸ் இரண்டு சொட்டு விடப் போனேன், பாட்டிலின் லேபிளைப் படித்துக் கையை இழுத்துக்கொண்டேன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மது. மது நீக்கிய வைன் என்று விற்பதிலும் அரை சதவீதம் வரை இருக்கலாம், குடியை விட்டவர்களுக்கு அந்த வாசனையே சிரமம் தரலாம். அதனால் அதையும் தவிர்த்தேன். இரண்டு பாத்திரத்தையும் வேறு வேறு அறையில் வைத்தேன். கரண்டி வேறு, கோப்பை நிறம் வேறு. கையால் பெரிதாக எழுதி ஒன்றில் "மது உண்டு", இன்னொன்றில் "மது இல்லை" என்று ஒட்டினேன். கண்ணாடிக் கோப்பைகளை முதலில் வெந்நீரில் அலசி வெதுவெதுப்பாக்கிவிட்டுத்தான் ஊற்றினேன், குளிர்ந்த கண்ணாடியில் சூடாக ஊற்றினால் விரிசல் விடும். விருந்து முடிந்து மிஞ்சியதைப் பழமும் மசாலாவும் இல்லாமல் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன், மூன்று நாளைக்கு நன்றாக இருந்தது.

அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். வருவார்களா என்று கடைசி வரை எனக்கு நிச்சயமில்லை. அண்ணன் நேராக உள் அறைக்குப் போய் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். பக்கத்தில் நான் வைத்திருந்த சாறு பாட்டில்களையும் எடுத்து லேபிளைப் பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றுதான் காலி பாட்டில்களை அங்கேயே விட்டிருந்தேன்.

"கரண்டி மாறலையேம்மா?"

"மாறலண்ணே. இந்தக் கரண்டி இந்த அறையை விட்டு வெளியே போகல. நான் காலையிலிருந்து பார்த்துட்டே இருக்கேன்."

கோப்பையை முகர்ந்தார். பிறகு ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். அடியில் கிடந்த அத்திப்பழத்தை எடுக்க ஸ்பூன் இருக்கிறதா என்று கேட்டார்.